ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' எல்பி: பி சைடுக்காகவே வாங்கலாம்

ஜெத்ரோ டல் என்ற ராக் குழுவின் 'அக்வாலங்' இசைத்தட்டை வாங்கலாமா என்பதற்கு முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ராக் இசை கேட்கிற பழக்கம் இருந்து, சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் தேய்த்து வகிடெடுத்துக் கோயிலுக்கு அனுப்பப்பட்ட அனுபவமும் இருந்தால், விலையைப் பார்க்காமல் வாங்கலாம். இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் மேற்கொண்டு படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் கோயில் என்று சொல்வது சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் கோயிலை. பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பாதிரியார் எங்களுக்கு ஐயர், அவர் வீட்டுக்காரம்மா ஐயரம்மா. என் தாத்தா உபதேசியார், ஐயருக்குக் கீழே ஊர்ச் சபையைக் கவனிப்பவர். பெரியப்பா ஐயராக இருந்து ஓய்வு பெற்றவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இசைத்தட்டு பெயர் சொல்லித் திட்டுவது இங்கிலாந்து திருச்சபையை. எங்கள் ஊர்க் கோயில்களைக் கட்டியவர்கள் அந்தச் சபையிலிருந்து கப்பலேறி வந்த மிஷனரிகள்தான். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும் இன்னும் சிலரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். பாட்டெழுதிய இயன் ஆண்டர்சன் ஸ்காட்லாந்தில் பிறந்தது அதே 1947 ஆகஸ்டில். சிஎஸ்ஐக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆகவே இதை வெளியாள் வீட்டுச் சண்டையாக என்னால் கேட்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜெத்ரோ டல் என்பது இங்கிலாந்தில் விதைக்கும் கருவி ஒன்றைச் செய்து பெயர் வாங்கிய பழைய காலத்து விவசாயியின் பெயர். அதைத் தூக்கித் தங்களுக்கு வைத்துக்கொண்ட குழு இது. ஆண்டர்சன் பாட்டெழுதுவார், பாடுவார், கிட்டார் வாசிப்பார், புல்லாங்குழல் ஊதுவார், ஒற்றைக்காலில் நின்றுகொண்டும் ஊதுவார். கிட்டாரில் மார்ட்டின் பார், பியானோவில் ஜான் ஈவன், பேஸில் ஜெஃப்ரி ஹாமண்ட், டிரம்ஸில் கிளைவ் பங்கர். 'அக்வாலங்' அவர்களுடைய நான்காவது ஆல்பம், 1971 மார்ச்சில் வந்தது. பதிவு செய்யும்போது ஆண்டர்சனுக்கு 23 வயது. அந்த வயதில் நான் திருச்சபை நடத்தும் திருமண்டலப் பள்ளி வேலைக்கு யாரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கலாம் என்று அலைந்துகொண்டிருந்தேன்.

நான் வாங்கியது 180 கிராம் வினைல். 1971இல் வந்த அதே மிக்ஸ் (தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் கலந்து சேர்ப்பது) கிடையாது. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மூலப் பதிவு நாடாக்களிலிருந்து புதிதாகச் செய்து 2011இல், ஆல்பத்தின் நாற்பதாம் ஆண்டுக்கு வெளிவந்த மிக்ஸ். விலை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். விற்றவர் அட்டைப்பெட்டியில் செலவு பண்ண மனமில்லாதவர் போலிருக்கிறது. கவரின் ஒரு மூலை மடங்கியே வந்தது. எழுதிக் கேட்டதற்கு "தட்டு உடையவில்லையே சார்" என்று பதில். உண்மைதான், உடையவில்லை. வளைவும் இல்லை. 'மதர் கூஸ்' பாட்டின் நடுவில் மட்டும் ஒரு 'டிக்' சத்தம், துடைத்தும் போகவில்லை. அதோடு வாழப் பழகியாயிற்று.

மிக்ஸைப் பற்றி ரசிகர்களுக்குள் சண்டை உண்டு. பழைய மிக்ஸை நான் சிடியில் பல வருடம் கேட்டவன். அது போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மந்தமாக இருக்கும். வில்சன் போர்வையை எடுத்துவிட்டார். பேஸ் இப்போது தனியாகக் கேட்கிறது. பங்கரின் சிம்பல் கூர்மையாக விழுகிறது. முக்கியமாக, ஆண்டர்சனின் உச்சரிப்பில் ஒரு வார்த்தைகூடத் தப்புவதில்லை. வரிகளுக்காக இந்தத் தட்டை வாங்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். பழைய மிக்ஸில் இருந்த கரகரப்புதான் அழகு என்பவர்கள் பழைய அச்சைத் தேடிக்கொள்ளட்டும், நான் வழக்குக்கு வரவில்லை.

அட்டையைக் கையில் எடுத்தாலே சண்டை தொடங்கிவிடுகிறது. முகப்பில் கிழிந்த கோட்டும் சிக்குப் பிடித்த தாடியுமாக ஒரு தெருவாசி, பர்ட்டன் சில்வர்மன் தீட்டியது. தன் சாயல் தெரிகிறது என்று ஆண்டர்சனுக்கு இந்தப் படமே பிடிக்கவில்லை. அட்டையில் வேத வசனம் போல எண் போட்டு, பழைய கோத்திக் எழுத்தில் ஒரு பகுதி அச்சிட்டிருக்கிறார்கள். ஆதியாகமத்தின் நடையிலேயே எழுதி, தலைகீழாக்கிய வசனங்கள்: ஆதியிலே மனிதன் கடவுளைச் சிருஷ்டித்தான், தன் சாயலாகவே சிருஷ்டித்தான், தனக்குத் தோதான நேரத்தில் பூமியை ஆள அவருக்குப் பல பெயர்கள் கொடுத்தான். "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்பதை ஓய்வுநாள் பள்ளியில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தவன் இதைப் படிக்கும்போது முதுகில் சுரீர் என்கிறது. ஆனால் கடைசி வசனங்கள் வேறு திசையில் போகின்றன. கடவுளைப் படைக்கத் தூண்டிய அந்த ஆவி எல்லா மனிதருக்குள்ளும், இந்தத் தெருவாசிக்குள்ளும்கூட, வாழ்ந்துகொண்டே இருக்கிறது, மனிதன்தான் பார்க்கவில்லை என்கிறது. கடவுள் கிடையாது என்று சொல்ல வந்தவன் இப்படி முடிக்க மாட்டான்.

தட்டின் ஒரு பக்கத்துக்கு 'அக்வாலங்' என்றும் மறுபக்கத்துக்கு 'மை காட்' என்றும் தலைப்பு. இதனாலேயே எல்லோரும் இதை ஒரே கதை சொல்லும் ஆல்பம் என்றார்கள். ஆண்டர்சன் இல்லவே இல்லை என்று சாதித்தார். விமர்சகர்கள் கேட்கவில்லை. சரி, கதை ஆல்பம்தானே வேண்டும் என்று அடுத்த வருடமே ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் நீட்டி ஒரு தட்டு போட்டுக் கேலி செய்தார்.

ஏ சைடை வேகமாகக் கடக்கிறேன். தலைப்புப் பாட்டின் கிட்டார் தொடக்கம் உலகத்துக்கே தெரியும். ஆண்டர்சனின் அப்போதைய மனைவி ஜென்னி, தேம்ஸ் கரையில் படுத்திருந்தவர்களைப் புகைப்படம் எடுத்தவர். பாட்டின் வரிகளில் அவருக்கும் பங்கு உண்டு. அக்வாலங் என்ற அந்தத் தெருவாசியை மூக்கொழுகும் அழுக்கனாக, சிறுமிகளைத் தப்பாகப் பார்க்கிறவனாகக் காட்டித் தொடங்குகிறது பாட்டு. அடுத்து வரும் 'கிராஸ்-ஐட் மேரி'யில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை வைத்து எழுதியிருப்பதை இன்றைக்குக் கேட்டால் நெளிய வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடிக்காத பாட்டு, மறைக்கவில்லை. பின்னால் வரும் சின்னச் சின்ன அக்கூஸ்டிக் பாட்டுகள் அழகு. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துவிட்டு வரும் மகன் ரயில் மாறப் பிளாட்பாரத்தில் நிற்கும் பாட்டு ஒன்று இருக்கிறது, ஒன்றரை நிமிடம்கூட இராது. ஊருக்கும் சென்னைக்கும் அப்படி அலைந்தவர்களுக்கு அது போதும்.

ஏ சைடில் எனக்கு முக்கியம் ஒரே ஒரு இடம். தலைப்புப் பாட்டின் நடுவில், குளிரில் நடுங்கும் அந்த ஆளுக்கு இரட்சிப்பும் ஒரு கப் டீயும் சேர்த்துக் கிடைக்கிறது. பி சைடில் 'மை காட்' பாட்டில், இங்கிலாந்து திருச்சபை உங்களைக் குருமனைக்கு, அதாவது ஐயர் வீட்டுக்கு, டீ சாப்பிட அழைக்கிறது. இரண்டு பக்கத்திலும் டீ. ஏழைக்குக் கொடுக்கும் டீயோடு உபதேசம் வருகிறது, வசதியானவனுக்குக் கொடுக்கும் டீயோடு பிஸ்கட் வருகிறது. ஆண்டர்சன் இதை வேண்டுமென்றே செய்தாரா தெரியாது. ஆனால் கோயிலில் ஊரே சேர்ந்து சாப்பிடும் அசன பண்டிகைக்குப் பந்தியில் யார் உட்காருகிறார்கள், ஐயர் வீட்டு ஹாலில் யாருக்குத் தனியாக இலை போடுகிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் காதுக்கு இந்த இரண்டு டீயும் ஒரே கெட்டிலிலிருந்து வருவது நன்றாகத் தெரியும்.

இப்போது தட்டைத் திருப்புங்கள்.

'மை காட்' ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆல்பத்துக்கு முன்பே மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பாட்டு. 1970 ஆகஸ்ட் 30 அன்று வைட் தீவு இசை விழாவில் லட்சக்கணக்கானவர்கள் முன்னால் வாசித்தார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. தனிக் கிட்டாரில், துக்க வீட்டில் பேசுவது போல அடங்கிய குரலில் ஆரம்பிக்கிறது. மக்களே, என்ன காரியம் செய்துவிட்டீர்கள், அவரைப் பொன் கூண்டுக்குள் பூட்டிவிட்டீர்களே என்று கேள்வி. கல்லறையிலிருந்து எழுந்தவரை உங்கள் மதத்துக்கு முன்னால் குனிய வைத்துவிட்டீர்கள் என்று அடுத்த குற்றச்சாட்டு. கவனியுங்கள், உயிர்த்தெழுதலை இவர் கேலி செய்யவில்லை. கல்லறையால் பிடித்து வைக்க முடியாதவரைச் சபையின் பூட்டு பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் வாதம். கேட்கிற நாத்திக நண்பர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பக்திமான்கள் அதற்கும் முன்னாலேயே தட்டை நிறுத்திவிடுகிறார்கள்.

அவர் உனக்குள்ளும் எனக்குள்ளும் இருக்கிறார் என்ற வரி வரும்போது எந்தத் தமிழனுக்கும் சிவவாக்கியர் நினைவு வராமல் போகாது. "நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" என்று ஒரே அடியில் முடித்துவிட்டுப் போய்விட்டார் மனிதர். எதிரில் நிற்கிறவனை "ஏதடா" என்று கேட்டு, கறிச்சுவை சட்டுவத்துக்குத் தெரியுமா என்று அடுக்களையிலிருந்து உதாரணம் எடுத்து அடிக்கிற அந்த வேகம் ஆண்டர்சனிடம் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை வைத்துப் பார்த்தால் சித்தர்தான் ஜெயிக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஆண்டர்சனிடம் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. பாட்டின் பாதியில் வார்த்தை நின்றுபோய்க் குழல் ஆரம்பிக்கிறது. ஊதிக்கொண்டே தொண்டைக்குள் பாடுவார். மூச்சு சீறுவதும் உறுமுவதும் கேட்கும். அதற்கடியில் மடத்துத் துறவிகள் சேர்ந்து ஜெபிப்பது போலக் குரல்கள் அடுக்கடுக்காக எழும்பும். புனிதமான ஒன்றின் நடுவே யாரோ சத்தமாக மூச்சுவாங்கிக்கொண்டு ஓடுவது போலிருக்கும். இதைப் பதிவு செய்த இடத்தையும் சொல்ல வேண்டும்: லண்டன் பேசிங் தெருவில் இருந்த ஐலண்ட் ஸ்டுடியோ. அது முன்னொரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். மேல்மாடியில் இவர்கள், கீழே உள்ள சின்ன ஸ்டுடியோவில் அதே சமயம் லெட் செப்பலின் ராக் குழுவினர் தங்கள் நான்காவது ஆல்பத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆராதனை நின்றுபோன கோயிலுக்குள் நின்று, பூட்டிவிட்டீர்களே என்று பாடியிருக்கிறார்கள். வில்சன் மிக்ஸில் அந்தக் குரல்களுக்குப் பின்னால் அறையின் வெற்றிடம் கேட்பது போல எனக்குத் தோன்றுகிறது. என் கற்பனையாகவும் இருக்கலாம், என் ஸ்பீக்கர் அவ்வளவு விலை உயர்ந்ததல்ல.

'ஹிம் 43' மூன்றே நிமிடம். பெயர் கீதம், ஆள் முரடு. பரலோகத்திலிருக்கிற பிதாவே, பணத்திலும் பெண்களிலும் துப்பாக்கியிலும் மும்முரமாக இருக்கும் உம் மகனைப் பார்த்துக் கொஞ்சம் சிரியும் என்று ஜெபம் போலத் தொடங்குகிறது. இயேசு இரட்சிக்கிறார் என்றால், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கொலை செய்கிறவர்களிடமிருந்து முதலில் அவர் தன்னை இரட்சித்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி. செவ்விந்தியர்களைச் சுட்டுவிட்டு ஹாலிவுட்டில் பெயர் வாங்கும் வீரனும் நடுவில் வந்து போகிறான். பியானோவும் கிட்டாரும் சேர்ந்து நன்றாகவே அடிக்கின்றன, அமெரிக்காவில் சிங்கிளாகவும் வெளியிட்டார்கள். ஆனால் இங்கே குறி கொஞ்சம் சுலபம். துப்பாக்கி தூக்கிய அமெரிக்கக் கிறிஸ்தவனைத் திட்ட இங்கிலாந்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தைரியம் எதற்கு? தன் வீட்டுத் தெருவிலிருக்கும் குருமனையைத் திட்டும்போதுதான் பாட்டில் காரம் ஏறுகிறது.

'ஸ்லிப்ஸ்ட்ரீம்' வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் அதற்குள் ஒரு வரி: சாகப்போகிறவனிடம் கடவுளின் சர்வர் பில்லை நீட்டுகிறான், இவன் கடைசிக் காசை அவன் கையில் திணிக்கிறான். சபைக்குக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கி என்று கல்யாண ஓலை, அதாவது கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பை, வாசிக்க மறுத்த ஒரு சேகரத்து (சில ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஐயரை எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பா கடன் வாங்கிக் கட்டிவிட்டுத்தான் அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அவருக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

'லோகோமோட்டிவ் பிரெத்' எல்லா ராக் ரேடியோவிலும் தேய்ந்துபோன பாட்டு. ஜான் ஈவனின் பியானோ முன்னுரையை மட்டும் தேய்க்க முடியவில்லை. வண்டியை நிறுத்தும் கைப்பிடியைக் கடவுளே திருடிக்கொண்டு போய்விட்டார், இனி நிற்காது என்று முடிகிறது. அதைத் தாண்டி எழுத எனக்கு ஒன்றும் இல்லை, சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

கடைசிப் பாட்டு 'வைண்ட்-அப்'. இந்தத் தட்டை நான் வைத்திருப்பதே இதற்காக. மெதுவாக, கோயிலில் பாமாலைப் பாட்டுக்கு முன்னால் ஆர்கன்காரர் ஸ்வரம் பிடித்துக் கொடுப்பது போல அடக்கமாக ஆரம்பிக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், அவர்களுடைய கடவுளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர்களுடைய விதிப்புத்தகத்தோடு வெளியே வந்தேன் என்கிறான் பையன். அந்தக் கடவுளிடமே நேராக ஒரு கேள்வி கேட்கிறான். அவர் சொல்லும் பதில்: ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுத்து ஓட்ட வேண்டிய ஆள் நானில்லை. இங்கேதான் கிட்டார் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. பழைய ஹெட்மாஸ்டரைப் பார்த்து, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை, முழுதையும் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று கத்துகிறான்.

கடவுளே தன் தரப்பில் பேசி, ஹெட்மாஸ்டரைக் கைவிட்டுவிடுகிற இந்த ஏற்பாடு எனக்கு அலுப்பதே இல்லை. எங்களைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தால்தான் பேராயர் தலையில் கை வைப்பார் என்று பயமுறுத்தினார்கள். "ஏன்" என்று கேட்ட பையன் ஒருவன் ஜன்னலோரம் முழங்காலில் நின்றான். அவனுக்கு இந்தப் பாட்டு தெரிந்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

அதே பாட்டில் இன்னொரு வரி. நீ உன் அப்பாவின் மகன் என்று என்னிடம் சொல்ல உனக்கு எப்படித் துணிச்சல் வந்தது, அது பிறப்பில் நேர்ந்த தற்செயல்தானே என்கிறான். பரம்பரையாக வந்த விசுவாசத்தைத்தான் சொல்கிறான். நான் கேட்கும்போது அது வேறு இடத்திலும் போய் முட்டுகிறது. கிறிஸ்தவத்துக்கு, எங்கள் பேச்சில் வேதத்துக்கு, வந்து தலைமுறைகள் ஆகியும் சாதியை விடாத ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு, கல்லறைத் தோட்டத்தில்கூட. என்னைச் சபையை விட்டு நீக்குங்கள், பேராயர்கள் எல்லோரும் சேர்ந்து இந்த வரிகளை நாலு சுருதியில் பாடட்டும் என்று ஆண்டர்சன் வம்புக்கிழுப்பது இங்கிலாந்தில் வெறும் வீராப்பாக இருந்திருக்கலாம். சபை நீக்கத்தோடு கல்லறையில் இடமும் போய்விடுகிற ஊரில் அது வேறு மாதிரி ஒலிக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்தக் கோபம் பாட்டோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் 1857இல் நாசரேத் பக்கம் வெள்ளைக்கார மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு, இந்து கிறிஸ்தவ சபை என்று தனிச் சபையே தொடங்கிவிட்டார்.

கண் ஆபரேஷனுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த பெரியப்பாவுக்கு பி சைடைப் போட்டேன். கண்ணில் கட்டு, போவதற்கு இடமில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆங்கிலம் அவருக்கு என்னைவிட நன்றாகவே புரியும். 'மை காட்' முடிகிற வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னார்: "இவன் ஆண்டவரையா திட்டுதான்? எங்களையில்லா திட்டுதான். ஆமோஸ் அஞ்சாம் அதிகாரம் எடுத்து வாசி பாப்போம்." பைபிளில் தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். "உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்" என்று தொடங்கி, "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று போகிறது. "பாத்தியா, தீர்க்கன் இதவிட மோசமா திட்டிட்டான். அதையும் நாங்க கோயில்ல வச்சு வாசிக்கத்தான செய்தோம்" என்றார். 'வைண்ட்-அப்' அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பையன் ஒரு நாளும் ராத்திரி ஆராதனைக்குப் பெட்ரோமாக்ஸ் தூக்கிருக்க மாட்டான். தூக்கினவனுக்குத் திட்ட இன்னும் நெறைய இருக்கும்டே."

யோசித்தால், அவர் சொன்னதில்தான் இந்தத் தட்டின் பலமும் குறையும் இருக்கின்றன. பலம் என்னவென்றால், இதில் வரும் ஆயுதமெல்லாம் கோயிலிலிருந்தே எடுத்தது: கீதத்தின் பெயர், ஜெபத்தின் நடை, வேத வசனத்தின் எண், துறவிகளின் குரல். வெளியே நின்று கல்லெறிகிறவனுக்கு இதெல்லாம் கைக்கு வராது. குறை, உள்ளே வேலை செய்து களைத்தவனின் கோபம் இதில் இல்லை. பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பையனின் கோபம்தான் இருக்கிறது. 23 வயதுக்கு அது போதும். அட்டையில் அவ்வளவு பெரிதாக இருக்கும் அந்தத் தெருவாசி பி சைடில் எங்குமே வராததும் எனக்குக் குறைதான். சபையோடு சண்டை தொடங்கியதும் அவனை மறந்துவிட்டார்கள். சபையும் அதைத்தானே செய்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆண்டர்சன் பிற்காலத்தில் செய்தது இன்னும் சுவாரசியம். வருடாவருடம் டிசம்பரில் இங்கிலாந்தின் பேராலயங்களில் கிறிஸ்துமஸ் கச்சேரி நடத்தி, வருமானத்தை அந்தக் கட்டடங்களின் பராமரிப்புக்குக் கொடுத்துவிடுகிறார். தான் கிறிஸ்தவன் இல்லை என்பதையும் சொல்லிக்கொண்டே கொடுக்கிறார். சிலர் இதைச் சமரசம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூட்டின் மேல்தான் அவருக்குக் கோபம், கூரை ஒழுகட்டும் என்று அவர் எப்போதும் பாடியதில்லை.

யாருக்கு இது வேண்டாம்: நாத்திகப் பிரச்சாரப் பாட்டு தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். மனது லேசாக வேண்டும் என்று ஞாயிறு காலையில் போடவும் ஏற்றதல்ல. ஆங்கில வரிகளைப் பின்தொடரச் சிரமம் என்றால் முதலில் வரிகளைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழல் நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடும்.

எதை வாங்குவது என்று கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வில்சன் மிக்ஸ். பழைய கடைகளில் எழுபதுகளின் பிரதி கண்ணில் பட்டால், வாங்குவதற்கு முன் பி சைடை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எல்லோரும் 'லோகோமோட்டிவ் பிரெத்'தையே போட்டுத் தேய்த்திருப்பார்கள், பெரும்பாலும் கீறல் அங்கேதான் இருக்கும். 'வைண்ட்-அப்' அதற்கு அடுத்து, நடுவட்டத்தை ஒட்டி இருக்கிறது. அந்தப் பகுதி சுத்தமாக இருந்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஏழாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள்.